மூங்கில் பூத்த வருஷம்: மிசோரம் ஏன் தனி நாடு கேட்டது, ஏன் நிறுத்தியது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

 

இந்த எபிசோடை ஒரு சின்ன வெட்கத்தோட ஆரம்பிக்கிறேன். நான் இன்ஜினியரிங் படிச்சப்போ ஹாஸ்டல்ல எங்க விங்ல மிசோரம் பையன் ஒருத்தன் இருந்தான். முதல் நாள் அவன்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வி, "நீ எந்த நாடு?" அவன் சிரிச்சுக்கிட்டே "இந்தியாதான் ப்ரோ"ன்னான். இந்தக் கேள்வி அவனுக்குப் பழகிப்போச்சுன்னு அந்தச் சிரிப்பிலேயே தெரிஞ்சுது.

ரெண்டாவது வருஷம், தீபாவளி லீவுக்கு எல்லாரும் ஊருக்குக் கிளம்பிட்டிருந்தோம். பேச்சுவாக்குல "உங்க சொந்த ஊர் எது?"ன்னு கேட்டேன். "ஐஸ்வால். ஆனா தாத்தாவோட ஊர் இப்ப இல்ல"ன்னான். "ஏன், நிலச்சரிவா?" "இல்ல ப்ரோ. ஆர்மி எரிச்சிட்டாங்க."

நான் நம்பல. சும்மா பெருசு பண்றான்னு நினைச்சேன். ப்ளஸ் டூ வரைக்கும் வரலாறு படிச்சிருக்கேன், குவிஸ் போட்டிக்கெல்லாம் போயிருக்கேன், இப்படி ஒண்ணு நடந்திருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்? பல வருஷம் கழிச்சு, வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம படிக்க ஆரம்பிச்சேன். அவன் சொன்னது உண்மை. அவன் சொல்லாம விட்டது இன்னும் நிறைய.

அதனால இன்னைக்குத் தலைப்பு பிரிவினைவாதம். ஒரு பகுதி மக்கள் "எங்களுக்கு இந்த நாடு வேண்டாம்"னு சொல்ற இடத்துக்கு எப்படி வந்து சேர்றாங்க? வந்த பிறகு என்ன ஆகுது? பொதுவா பேசினா காத்துல கத்தி வீசுற மாதிரி ஆயிடும். ஒரே ஒரு கதையை எடுத்துக்கிட்டு அதுக்குள்ள போவோம்.

எலி, மூங்கில், 15 லட்சம் ரூபாய்

நம்ம ஊர் இயற்கை அங்காடிகள்ல மூங்கிலரிசி பார்த்திருப்பீங்க. மூங்கில் எப்பவாவது ஒரு முறைதான் பூக்கும், பூத்ததும் செத்துப்போகும். மிசோரம் மலைகள்ல பெரும்பரப்புல வளர்ற ஒரு மூங்கில் வகை சுமார் 48 வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா பூக்கும். பூத்த பிறகு மலை முழுக்கக் காய். அதைத் தின்னு எலிகள் பெருகும். ஒண்ணு ரெண்டு இல்ல, லட்சக்கணக்குல. காய் தீர்ந்ததும் அத்தனை எலியும் நெல் வயலுக்கும் களஞ்சியத்துக்கும் இறங்கும். ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தோட ஒரு வருஷச் சாப்பாடு காலி.

மிசோ மொழியில் இதுக்குப் பேர் மௌதாம். மௌ என்றால் மூங்கில், தாம் என்றால் சாவு. 1911-12ல் ஒரு தடவை வந்தது. அதைப் பார்த்த பெரியவங்க கணக்கு வெச்சிருந்தாங்க. அடுத்தது 1959ல் வரும்.

அப்போது மிசோரம் தனி மாநிலம் கிடையாது. அசாமில் ஒரு மாவட்டம். 1961 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2.66 லட்சம். நம்ம சென்னையில ரெண்டு மூணு ஏரியா சேர்ந்தாலே அதைத் தாண்டிடும். 1958ல் மிசோ மாவட்டக் கவுன்சில் அசாம் அரசுக்கு ஒரு தீர்மானம் போட்டு அனுப்பியது: மூங்கில் பூக்கப் போகிறது, எலி வரும், பஞ்சம் வரும், முன்னேற்பாட்டுக்கு 15 லட்சம் ரூபாய் வேண்டும்.

பதில்? பூ பூத்தா பஞ்சம் வருமா, இதெல்லாம் மலைவாசிகளோட மூடநம்பிக்கைன்னு ஒதுக்கிட்டாங்க.

என் வேலையில இதை தினமும் பார்க்கிறேன். சர்வர் ஒண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் அனுப்பும். "அது சும்மா அப்படித்தான் கத்தும்"னு ம்யூட் பண்ணிட்டுத் தூங்குவோம். காலையில எல்லாமே கீழ விழுந்து கிடக்கும். வித்தியாசம் என்னன்னா, எங்களுக்கு ஆப் வேலை செய்யாது. அவங்களுக்குச் சோறு இல்ல.

1959ல் மூங்கில் பூத்தது. எலி வந்தது. பஞ்சம் வந்தது. நிவாரணம் தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. சாலையே இல்லாத மலைக் கிராமங்களுக்கு அது போய்ச் சேரவும் இல்லை.

அரிசி மூட்டையில் ஆரம்பித்த அமைப்பு

இங்கதான் லால்டெங்கா வர்றார். இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர், பிறகு மாவட்டக் கவுன்சில்ல குமாஸ்தா வேலை. 1960ல் மிசோ தேசிய பஞ்ச முன்னணி என்று ஒரு அமைப்பு உருவானது. இளைஞர்கள் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து மலை ஏறி, உள்கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாங்க. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. அதை அரசாங்கம் செய்யல, இவங்க செஞ்சாங்க. மக்கள் மனசுல யாருக்கு மரியாதை வரும்?

அதே 1960ல் அசாம் அரசு, அசாமிய மொழியை மாநிலத்தின் ஆட்சிமொழி ஆக்கி ஒரு சட்டம் கொண்டுவந்தது. மிசோ மக்களுக்கு அது அந்நிய மொழி. வயித்துல அடிச்ச அதே வருஷம் வாயிலும் அடிச்ச மாதிரி ஆச்சு.

1961 அக்டோபரில் அந்த அமைப்பு தன் பெயரில் இருந்த 'பஞ்சம்' என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்துட்டது. மிசோ தேசிய முன்னணி. எம்.என்.எஃப். கோரிக்கை, தனி நாடு.

ஒரு விஷயத்தை இங்க அழுத்திச் சொல்லணும். 1947ல் பர்மாவோடு போகலாம் என்று சொன்ன ஒரு தரப்பு அங்கே இருந்தது. ஆனா மக்கள் செல்வாக்கு பெற்றிருந்த மிசோ யூனியன் கட்சி இந்தியாவோடு இருக்கலாம் என்றே முடிவெடுத்தது. பெருவாரியான மக்கள் அந்தக் கட்சி பக்கம்தான் நின்னாங்க. "அவங்க எப்பவுமே அப்படித்தான், ரத்தத்துலயே பிரிவினை"ங்கிற பேச்சு இந்த இடத்துல உடைஞ்சிடுது. 19 வருஷத்துல ஒரு சமூகம் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போச்சுன்னா, நடுவுல நடந்தது என்னன்னுதான் நாம கேட்கணும்.

1966 மார்ச் 5

1966 பிப்ரவரி 28 இரவு எம்.என்.எஃப். ஆயுதத்தோடு இறங்கியது. ஐஸ்வால், லுங்லே, சம்பாய் என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குதல். அரசுக் கருவூலமும் அசாம் ரைஃபிள்ஸ் முகாம்களும் குறி. மார்ச் 1ஆம் தேதி சுதந்திரப் பிரகடனம். ஆயுதமும் பயிற்சியும் எங்கிருந்து? பக்கத்து வீட்டில் இருந்து. அன்றைய கிழக்குப் பாகிஸ்தான், அதாவது இன்றைய வங்கதேசம். இந்தியாவுக்குத் தலைவலி கொடுக்கப் பாகிஸ்தானுக்குக் கிடைச்ச வாய்ப்பு, விடுமா?

ஐஸ்வாலில் அசாம் ரைஃபிள்ஸ் முகாம் முற்றுகையில் சிக்கியது. ஹெலிகாப்டரில் ஆள் இறக்கப் பார்த்தார்கள். கீழிருந்து சுட்டதால் முடியவில்லை. மார்ச் 5ஆம் தேதி இந்திய விமானப்படையின் போர் விமானங்கள் ஐஸ்வால் மேல் வந்தன. மறுநாளும் வந்தன. முதலில் இயந்திரத் துப்பாக்கிச் சூடு, பிறகு தீப்பிடிக்க வைக்கும் குண்டுகள். ஊரின் பல பகுதிகள் எரிந்தன. மக்கள் காட்டுக்கும் மலை இடுக்குகளுக்கும் ஓடினார்கள்.

சொந்த நாட்டு விமானம். சொந்த நாட்டு ஊர்.

இந்திரா காந்தி பிரதமராகி அப்போ ரெண்டு மாசம்கூட ஆகல. விமானங்கள் ஆட்களையும் பொருட்களையும் இறக்கத்தான் போனதுன்னு அரசுத் தரப்பு சொன்னது. பிறகு காசி மலைப் பகுதியைச் சேர்ந்த ரெண்டு எம்.எல்.ஏ.க்கள் நேரில் போய் விசாரித்து, அசாம் சட்டமன்றத்தில் விஷயத்தை எழுப்பினாங்க. அப்பவும் வெளிப்படையான ஒப்புதல் வரல. மிசோரத்தில் மார்ச் 5 இன்னைக்கும் நினைவு நாள். நமக்கு அது காலண்டர்ல இன்னொரு தேதி.

பெயர் மட்டும் அழகா இருந்தது

என் நண்பனோட தாத்தா ஊர் எப்படிக் காணாமப் போச்சு? அது குண்டுவீச்சுல இல்ல. அதுக்கு அடுத்த வருஷம் நடந்தது.

ஒரு கிளர்ச்சிப் படைக்குச் சாப்பாடும் தகவலும் ஒளிய இடமும் கிராமங்களில் இருந்துதான் கிடைக்கும். அதனால் கிராமங்களையே எடுத்துவிட்டால்? இது புது யோசனை இல்லை. மலாயாவில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிராக பிரிட்டிஷ்காரர்கள் செய்தது. அதை 1967 ஜனவரியில் சுதந்திர இந்தியா தன் மக்கள்மேல் செய்தது. சிதறிக் கிடந்த மலைக் கிராமங்களைக் காலி செய்து, மக்களை நெடுஞ்சாலை ஓரம் ராணுவக் காவலில் உள்ள மையங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அதிகாரபூர்வப் பெயர், 'பாதுகாக்கப்பட்ட முன்னேற்றக் கிராமங்கள்'.

அங்கே பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி விஜேந்திர சிங் ஜஃபா பின்னாளில் இதை விரிவாக எழுதினார். அவர் தரும் கணக்கு: மொத்தம் 764 கிராமங்கள். அதில் 516 காலி செய்யப்பட்டு, 110 மையங்களுக்குள் அடைக்கப்பட்டன. தொடாமல் விட்டது 138 மட்டும்தான். கிராமப்புற மக்களில் ஐந்தில் நான்கு பேர் இடம் பெயர்க்கப்பட்டார்கள். தார்சோ என்ற ஒரு ஊரைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். ஊரைக் காலி செய்து எரித்த பிறகு, "நாங்களாகவே கேட்டுக்கொண்டுதான் வந்தோம்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் துப்பாக்கி முனையில் கையெழுத்து வாங்கப்பட்டது.

உள்ள எப்படி இருந்துச்சு? வேலி, கேட், அடையாள அட்டை. இருட்டினா ஊரடங்கு. அவங்களோடது காட்டை வெட்டி எரித்து விதைக்கிற ஜூம் விவசாயம், நிலம் மலைக்கு மலை தள்ளி இருக்கும். காலையில் போய் இருட்டுறதுக்குள்ள திரும்பணும்னா எத்தனை நிலத்துல வேலை செய்ய முடியும்? விளைச்சல் விழுந்தது. மக்கள் ரேஷன் அரிசிக்குக் கையேந்தினார்கள். பஞ்சத்தில் ஆரம்பித்த பிரச்சினைக்கு அரசு கொடுத்த தீர்வு, இன்னொரு பசி.

எம்.என்.எஃப். தூக்கிய ஆயுதத்தை நான் நியாயப்படுத்தல. அவங்க கையிலும் ரத்தம் இருக்கு. 1975 ஜனவரி 13ஆம் தேதி ஐஸ்வாலில் போலீஸ் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து ஐ.ஜி., டி.ஐ.ஜி., எஸ்.பி. மூன்று பேரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்த எஸ்.பி.யின் பெயர் பஞ்சாபகேசன். அந்தப் பெயரைப் படிச்சதும் எனக்கு ஒரு நிமிஷம் ஓடல. எங்கேயோ நடக்கிற சண்டைன்னு படிச்சிட்டிருந்தேன், திடீர்னு நம்ம பக்கத்துப் பெயர். நடுவில் மாட்டிய சாதாரண மிசோ குடும்பங்களின் நிலைமை இன்னும் மோசம். ராத்திரி எம்.என்.எஃப்.க்குச் சோறு போட்டா பகல்ல ராணுவம் அடிக்கும். போடலைன்னா காட்டிக்கொடுத்தவன்னு எம்.என்.எஃப். அடிக்கும். அந்த 20 வருஷத்துக்கு மிசோ மக்கள் வெச்ச பெயர் ராம்புவாய். கலங்கிக் கிடந்த நாடு என்று அர்த்தம்.

அப்புறம் எப்படி முடிஞ்சது?

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான பகுதி. ஏன்னா இந்த மாதிரிக் கதைகள் பெரும்பாலும் முடியறதே இல்ல.

முதல் காரணம், 1971. வங்கதேசம் உருவானதும் எம்.என்.எஃப்.பின் பின்வாசல் மூடியது. முகாம்கள் பர்மாவின் அரக்கான் பக்கம் போயின. லால்டெங்கா பாகிஸ்தானுக்குப் போனார், பின்னாடி லண்டன்.

ரெண்டாவது, டெல்லி கொஞ்சம் கொஞ்சமா கதவைத் திறந்தது. 1972ல் மிசோரம் அசாமில் இருந்து பிரிந்து யூனியன் பிரதேசமானது. தேர்தல், சட்டமன்றம், சொந்த முதல்வர். ஓய்வுபெற்ற பிரிகேடியர் டி. சைலோ மனித உரிமைக் குழு ஆரம்பித்து ராணுவ அத்துமீறல்களைக் கேள்வி கேட்டார். பிறகு கட்சி ஆரம்பித்து முதல்வரும் ஆனார். துப்பாக்கி இல்லாமலும் இதைப் பேசலாம்னு மக்களுக்கு ஒரு வழி தெரிஞ்சது.

மூன்றாவது, தேவாலயங்கள். மிசோ மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சபைப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் போய்ப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

நான்காவது, எம்.என்.எஃப். கடைசி வரை ஒரே அமைப்பாகவே இருந்தது. நாகாலாந்தில் 1975ல் ஷில்லாங் ஒப்பந்தம் போட்டபோது, அதை ஏற்காதவர்கள் 1980ல் தனி அமைப்பு ஆரம்பித்தார்கள். 1988ல் அதுவும் உடைந்தது. ஒருத்தரோட கையெழுத்து போட்டா இன்னொருத்தர் சண்டையைத் தொடருவார். மிசோரத்தில் அந்தச் சிக்கல் வரல.

ஐந்தாவதைத்தான் நாம கவனிக்கவே மாட்டோம். 1986 ஜூன் 30ஆம் தேதி டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மத்திய அரசு சார்பில் கையெழுத்துப் போட்ட உள்துறைச் செயலாளர் ஆர்.டி. பிரதானுக்குப் பணி ஓய்வுபெறும் நாள் அது. எம்.என்.எஃப். ஆயுதத்தைக் கீழே வைக்கும், மிசோரம் மாநிலமாகும், நிலம், சமூக வழக்கம், மரபுச் சட்டம் ஆகியவற்றில் நாடாளுமன்றச் சட்டம் அங்குள்ள சட்டமன்றம் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். அரசியலமைப்பில் இது 371ஜி. இதெல்லாம் காகிதத்தில். நடைமுறையில், அப்போது முதல்வராக இருந்த காங்கிரஸின் லால் தன்ஹாவ்லா நாற்காலியை விட்டு எழுந்து, லால்டெங்காவை முதல்வராக உட்கார வைத்து, தான் துணை முதல்வரானார். தேர்தலில் ஜெயித்த ஒருத்தர், 20 வருஷம் ஆயுதத்தோட இருந்தவருக்காக இடம் கொடுத்தார். நம்ம ஆபீஸ்ல டீம் லீட் பதவியை இப்படி யாராவது விட்டுக் கொடுப்பாங்களா, யோசிச்சுப் பாருங்க.

1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் இந்தியாவின் 23ஆவது மாநிலமானது. அடுத்த வருஷமே கட்சித் தாவலில் லால்டெங்கா ஆட்சி கவிழ்ந்தது. கவனிங்க, அவர் திரும்பக் காட்டுக்குப் போகல. எதிர்க்கட்சியில் உட்கார்ந்தார். என்னைக் கேட்டா அமைதி உறுதியானது அன்னைக்குத்தான்.

பில் யார் கட்டினது?

அமைதி வந்தாச்சு, சுபம்னு முடிக்க முடியல. எரிந்த கிராமங்கள் பல திரும்ப எழவே இல்லை. 2011 கணக்கெடுப்பில் மிசோரம் மக்களில் பாதிக்கும் மேல் நகரவாசிகள். மலை மாநிலத்துக்கு இது விநோதமான எண். சாலையோரம் கொண்டுவந்து குவித்ததும் அதுக்கு ஒரு காரணம்.

இன்னொண்ணு. மிசோரத்துக்குள் ப்ரூ என்ற சிறுபான்மைப் பழங்குடி இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குத் தன்னாட்சிக் கவுன்சில் கேட்டார்கள். 1997ல் வெடித்த கலவரத்தில் 30,000க்கும் அதிகமானோர் திரிபுராவுக்கு ஓடி, 20 வருஷத்துக்கும் மேலாக முகாம்களில் வாழ்ந்தார்கள். 2020ல்தான் அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்த ஒப்பந்தம் ஆனது. பெரும்பான்மையால் ஒதுக்கப்பட்டோம்னு போராடினவங்களுக்குத் தன் வீட்டுக்குள்ள இருக்கிற சிறுபான்மை கண்ணுல படல. வலி பட்டவங்களுக்கு அடுத்தவங்க வலி தானாப் புரிஞ்சிடும்னு நினைக்கிறோம், இல்ல? அப்படி நடக்கிறதில்ல.

"சரி, நம்ம ஊர்லயும் திராவிட நாடு கேட்டாங்களே, இங்க ஏன் இப்படி ஆகல?"ன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. தி.மு.க. 1963ல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. சீனப் போரும், பிரிவினை பேசுபவர் தேர்தலில் நிற்க முடியாமல் செய்த 16ஆவது திருத்தமும் பெரிய காரணங்கள். ஆனா இன்னொரு வித்தியாசமும் இருக்கு. 1962ல் அவங்க சட்டமன்றத்தில் 50 இடம் ஜெயிச்சிருந்தாங்க. அடுத்த தேர்தலில் ஆட்சியையே பிடிக்க முடியும்ங்கிற நிலைமை. 1967ல் பிடிச்சும் காட்டினாங்க. அசாம் சட்டமன்றத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள் மட்டுமே இருந்த மிசோ மக்களுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. எத்தனை தேர்தல் நடந்தாலும் முடிவெடுக்கிறவர் வேற யாரோதான். தேச பக்தி நமக்கு அதிகம், அவங்களுக்குக் கம்மின்னு இல்ல. நமக்கு எண்ணிக்கை இருந்தது.

மறுபடியும் பூத்தது

கடைசியா ஒண்ணு. 48 வருஷக் கணக்குப்படி மூங்கில் மறுபடியும் பூக்கணும், இல்லையா? 2007ல் பூத்தது. அப்போது மிசோரத்தின் முதல்வர் யார் தெரியுமா? ஜோரம்தங்கா. லால்டெங்காவின் செயலாளராகக் காட்டில் இருந்தவர், எம்.என்.எஃப். தலைவர். பஞ்ச நிவாரணத்தில் பிறந்த அமைப்பு, அடுத்த மௌதாம் வரும்போது ஆட்சியில் இருந்தது.

இந்தத் தடவை யாரும் மூடநம்பிக்கைன்னு சொல்லல. தனித் திட்டம் போட்டாங்க. எலி வாலுக்கு இத்தனை ரூபாய்னு விலை வெச்சாங்க. மக்கள் மூட்டை மூட்டையா வால் கொண்டுவந்து கொடுத்தாங்க. ஆனாலும் பயிர் போச்சு, விவசாயிகள் கஷ்டப்பட்டாங்க, நிவாரணம் சரியில்லைன்னு கோபம் வந்தது. 2008 தேர்தலில் 40 இடத்தில் எம்.என்.எஃப்.க்குக் கிடைச்சது மூணே மூணு.

அவ்வளவுதான். 1959ல் பூத்தப்போ, கோபத்தைக் காட்ட அவங்ககிட்ட வழி இல்ல. ஏழு வருஷத்துல துப்பாக்கியில் முடிஞ்சது. 2007ல் அதே மூங்கில், அதே எலி, அதே கோபம்; ஓட்டுச்சாவடியில் முடிஞ்சது. பிரிவினை எங்கிருந்து வருதுன்னு யாராவது என்கிட்ட கேட்டா, நான் இந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுவேன்.

இந்த எபிசோடுக்குத் தயாராகும்போது அந்த ஹாஸ்டல் நண்பனுக்கு மெசேஜ் பண்ணினேன். தாத்தா ஊர்ப் பெயரைக் கேட்டேன். அனுப்பினான். மேப்ல தேடினேன், காட்டல. அன்னைக்கு நம்பாததுக்கு ஸாரி சொன்னேன். "பரவால்ல ப்ரோ, எங்க ஸ்கூல் புக்லயும் அப்ப பெருசா இல்ல"ன்னான்.

உங்க ஆபீஸ்ல, உங்க பிஜில, ரொம்ப தூரத்துல இருந்து வந்த யாராவது கண்டிப்பா இருப்பாங்க. "எந்த நாடு?"ன்னு கேக்காதீங்க, நான் கேட்டது போதும். "எந்த ஊர்?"னு கேளுங்க. சொல்ல ஆரம்பிச்சா நடுவுல புகாம கேளுங்க.

இந்தக் கதையில நான் விட்டது, தப்பாச் சொன்னது ஏதாவது இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல திருத்திக்கிறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.